பள்ளிக்கூடத்தில் கம்பி இழுக்குமுன்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத வீடு இல்லை. ஆயினும் பள்ளியின் காரியங்களில் முன்வந்து ஒரு வார்த்தை சொல்லும் பெற்றோர் நம்மவருள் மிகச் சிலரே. கூட்டம் தெலுங்கில் நடக்கும். நாமோ பிழைக்க வந்தவர்கள். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பின்வரிசையில் அமர்ந்து, கையெழுத்து இட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் கூச்சத்துக்கு இடம் வைக்கவில்லை. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் நிர்வாகக் குழு ஒன்று இருத்தல் வேண்டும், அதன் உறுப்பினருள் நாலில் மூன்று பங்கினர் பெற்றோரோ பாதுகாவலரோ ஆதல் வேண்டும், பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு விதிக்கிறது. அரசுப் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் கடமை என்கிறது அடுத்த பிரிவு. உறுப்பினரின் தாய்மொழி எதுவென்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

இதை இப்பொழுது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆந்திர அரசு 2019 நவம்பர் 14ஆம் நாள் 'மன படி: நாடு – நேடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 'நம் பள்ளி: அன்றும் இன்றும்' என்பது அதன் பொருள். கழிப்பறை, குடிநீர், மேசை நாற்காலி, சுவர்ப்பூச்சு முதலிய வேலைகள் பெற்றோர் குழுக்களின் வழியாகவே நடந்தன. பின்னர்த் தொடுதிரைப் பலகைகளும் வகுப்பறைகளுக்கு வந்தன. தனியார் பள்ளிகளும் போட்டியிட்டுக்கொண்டு கணினி அறை, வைஃபை, கண்காணிப்புக் கேமரா என்று செலவு செய்கின்றன. நாடு முழுமைக்கும் எடுக்கப்பட்ட யூடைஸ் கணக்கின்படி 2024-25ஆம் கல்வியாண்டில் இணைய வசதி பெற்ற பள்ளிகள் நூற்றுக்கு 63.5, அதற்கு முந்திய ஆண்டில் 53.9. ஓராண்டில் பத்துப் பங்கு ஏற்றம் என்பது சிறிதன்று. ஆகவே நம்மவர் அமர்ந்திருக்கும் குழுவின் முன்னும் இன்றோ நாளையோ ஒரு விலைப்பட்டியல் வந்தே தீரும். அதில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதே நம் பேச்சு.

நாம் பொறியியல் கற்றவரல்லோம். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி. ஆயினும் கேபிள் வேலைகளின் கோப்புகள் நம் கைவழியே போகின்றன. வேலை நடக்கும்பொழுது அருகே நின்று பார்ப்பதும் உண்டு. அந்த அறிவைக் கொண்டு சொல்லத்தக்கது இதுதான்: பணம் கைக்கு வந்ததும் பள்ளிகள் கருவியை முதலில் வாங்குகின்றன, கம்பியை மீந்த காசில் இழுக்கின்றன. இது தலைகீழ் முறை.

காரணம் எளிது. கணினியின் ஆயுள் ஐந்தாறு ஆண்டு. சுவரில் மாட்டும் வைஃபை பெட்டிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் சுவருக்குள் ஒழுங்காகப் போட்ட செம்புக் கேபிள் இருபது ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கும். ரயிலில் பெட்டிகளை மாற்றுவது எளிது, பாதையை மாற்றுவது அரிது. பாகாலா மார்க்கத்தில் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்கிய நாட்களை நினைவில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு நல்ல சாட்சி கடல் கடந்த ஊரில் இருக்கிறது. 1996 மார்ச் 9ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'நெட்டே' என்னும் இயக்கம் நடந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் கேஜ் என்பவரும் மைக்கேல் காஃப்மன் என்பவரும் அதனை முன்னின்று நடத்தினர். பெற்றோரும் ஆசிரியரும் அக்கம்பக்கத்தாரும் ஆயிரக்கணக்கில் திரண்டு, சனிக்கிழமை ஒருநாளில், தங்கள் ஊர்ப் பள்ளிகளில் தாங்களே கேபிள் இழுத்தனர். ஜனாதிபதி கிளின்டனும் துணை ஜனாதிபதி கோரும் ஒரு பள்ளிக்குச் சென்று அவ்வேலையில் கைகொடுத்தனர். அக்காலத்துக் கேபிள் 'கேட் 5' வகை. வினாடிக்கு 100 மெகாபிட் கொண்டுசெல்வதே அன்றைக்குப் பெரிது. மூன்றே ஆண்டில், 1999இல், ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கான விதிமுறை வெளியாயிற்று. அதை வகுத்தவர்கள் ஏற்கெனவே சுவர்களில் கிடக்கும் கேட் 5 கம்பியிலேயே ஓடும்படி வகுத்தனர். 1996இல் வாங்கிய கணினிகளை இன்று யாரும் தேடப்போவதில்லை. அந்தச் சனிக்கிழமை பெற்றோர் நேர்த்தியாக இழுத்த கம்பியோ, பத்து மடங்கு வேகத்தைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் தகுதியோடு சுவரில் இருந்தது.

கேரளத்தையும் சொல்லவேண்டும். அங்கே 'கைட்' என்னும் அரசு நிறுவனம் ஒரே திட்டமாகப் போட்டு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் அமைத்தது. 2020 அக்டோபரில் முதலமைச்சர் வேலை முற்றிற்று என அறிவித்தார். அவரவர் கடைத்தெருவில் கண்டதை வாங்காமல், எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைத்ததே அங்கே நடந்த நன்மை என்பது நம் கருத்து. நம் பக்கத்தில் குழுவே தன் அளவுகோலைத் தான் வகுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இனித் திட்டம் போடும் விதத்தைப் பார்ப்போம். விலைப்பட்டியலைத் திறக்குமுன் பள்ளியின் வரைபடத்தைத் திறக்கவேண்டும். வரைபடம் இல்லையேல் ஒரு தாளில் கையால் வரைந்தாலும் போதும். உதாரணத்துக்கு நடுத்தரமான ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். பெரிய கட்டடத்தில் எட்டு வகுப்பறை, கணினி அறை, தலைமையாசிரியர் அறை, அலுவலகம், ஆசிரியர் அறை. அறுபது மீட்டர் தள்ளிச் சிறிய கட்டடத்தில் நான்கு வகுப்பறை. வகுப்பறைக்கு மூன்று முனைகள் வேண்டும்: பலகையின் அருகே இரண்டு, வைஃபை பெட்டிக்காகக் கூரையருகே ஒன்று. பன்னிரண்டு அறைக்கு 36 ஆயிற்று. கணினி அறையில் பிள்ளைகளுக்கு இருபது, ஆசிரியருக்கு ஒன்று, அச்சு எந்திரத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, உபரியாக ஒன்று, ஆக 24. தலைமையாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் இரண்டிரண்டு, ஆசிரியர் அறைக்கு இரண்டு, கேமராவுக்கு ஆறு. மொத்தம் 72.

எழுபத்திரண்டு முனைக்கும் கேபிள்கள் ஒரே இடத்திலிருந்து போவதில்லை. அந்தந்தக் கட்டடத்தின் ரேக் பெட்டியிலிருந்து போகும். நாடா பிடித்து அளந்ததில் சராசரி 35 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் பெட்டி ஒன்றில் 305 மீட்டர் இருக்கும். அதில் எட்டுத் துண்டு வெட்டினால் 25 மீட்டர் மிச்சம். அந்த மிச்சங்களை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. ஆக ஒன்பது பெட்டி. பட்டியலில் பதினைந்து பெட்டி என்று கண்டால் ஏன் என்று கேட்கலாம். ஐந்து என்று கண்டால் இன்னும் அழுத்தமாகக் கேட்கவேண்டும். பள்ளிக் கணக்குப் பாடம் முடித்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. பாஷை தடையாகாது, எண்ணுக்கு மொழியில்லை.

நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. செம்புக் கேபிளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது; அதிலும் சுவருக்குள் கிடப்பது 90 மீட்டர், இருபுறமும் செருகும் சிறு கம்பிகளுக்குப் பத்து மீட்டர் என்பது கணக்கு. ஆகையால் ரேக் பெட்டி கட்டடத்தின் நடுவே அமைவது நலம். இடமில்லை என்று மாடிப்படியின் கீழே, துடைப்பம் வைக்கும் மூலையில் அதனைத் திணிப்பவர் உண்டு. திருப்பதிப் பக்கத்தின் கோடை நாம் அறிந்ததே. சாதாரண ஸ்விட்ச் பெட்டிகள் சுமார் 40, 45 பாகை வரையிலான சூட்டுக்கே செய்யப்படுபவை. காற்றோட்டமற்ற மூலையில் மூடிவைத்தால் அவை நெடுநாள் தாங்கா. சுண்ணாம்புத் தூசி படியாத, பூட்டத்தக்க, காற்றாடும் இடமே தகும்.

எந்தக் கேபிள்? இன்றைக்குப் புதிதாய்ப் போடுவோர் 'கேட் 6' போட்டால் வகுப்பறைக்குப் போதும். 'கேட் 6ஏ' இன்னும் உயர்ந்தது. நூறு மீட்டர் தூரமும் பத்தாயிரம் மெகாபிட் தாங்கும். ஆனால் தடித்தது, விலை கூடியது, வளைப்பதற்கு அரிது. எல்லா முனைக்கும் அதுவே வேண்டும் என்று விற்பவர் சொன்னால் அது அவர் நலம். பழைய 'கேட் 5இ' கேபிள் நல்ல நிலையில் கிடந்தால் அதனைப் பிடுங்கவும் வேண்டியதில்லை. 2016இல் வந்த விதிமுறையின்படி 2,500 மெகாபிட் வேகம் அதிலேயே நூறு மீட்டர் ஓடும். புதிய வைஃபை பெட்டிகள் கேட்பது பெரும்பாலும் அவ்வளவே. சோதித்துப் பார்த்து, தேறியதை வைத்துக்கொண்டு, தேறாததை மட்டும் மாற்றுவதே சிக்கனம்.

போலிக் கேபிளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய கேபிள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டியின்மீது கேட் 6 என்றே அச்சிட்டிருக்கும், விலை மலிவு. ஆனால் விதிமுறை வேண்டுவது முழுச் செம்பு. அலுமினியம் மின்னைச் செம்பளவு எளிதில் விடாது. அதே பருமனில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். தகவல் மட்டும் போனால் குட்டு உடனே வெளிப்படாமலும் இருக்கலாம். இக்காலத்திலோ வைஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் தனி மின்கம்பி இழுப்பதில்லை. தகவல் போகும் அதே கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புகிறார்கள். இம்முறைக்குப் பி.ஓ.இ. என்று பெயர். போலிக் கேபிளில் அந்த மின்சாரம் வழியிலேயே சூடாகக் கரையும். கோடி அறையின் பெட்டி காரணம் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். கண்டுபிடிப்பது கடினமன்று. ஒரு விரற்கடை நீளம் உறையை நீக்கி, உள்ளிருக்கும் கம்பியைப் பேனாக்கத்தியால் சுரண்டவேண்டும். வெள்ளையாகப் பளிச்சிட்டால் அலுமினியம். தூக்கிப் பார்த்தாலும் பெட்டி இலேசாக இருக்கும். பெற்றோர் ஒருவர் கத்தியோடு நிற்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் போலி உள்ளே வராது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலான அறுபது மீட்டரைப் பற்றி. தூரம் எல்லைக்குள் இருக்கிறதே, செம்புக் கேபிளையே மரத்தோடு மரமாகக் கட்டிவிடலாமே என்று தோன்றும். சித்தூரை அடுத்த ஒரு பள்ளியில் அப்படித்தான் கட்டினார்கள் என்றும், கோடை மழையின் ஓர் இடியில் இருபுறத்து ஸ்விட்சுகளும் நாலைந்து கணினிகளும் போயின என்றும் அங்கே பிள்ளை படிக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார். 2018 ஏப்ரல் 24ஆம் நாள் ஆந்திர மாநிலத்தில் 13 மணி நேரத்துக்குள் 36,749 மின்னல் வீச்சுகள் பதிவாயின. அத்தகைய மண்ணில் வெட்டவெளியில் தொங்கும் செம்பு, இடிக்கு வைத்த ஏணி. இடி விழாவிட்டாலும், இரு கட்டடத்தின் எர்த்தும் ஒரே நிலையில் இராமையால் அவ்விரண்டையும் செம்பால் பிணைப்பது கருவிகளுக்குக் கேடு. கண்ணாடி இழை கேபிளில் ஒளி போகிறதேயன்றி மின்சாரம் போவதில்லை. ஆகவே கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழையே போடவேண்டும். அதிலும் உலோகக் கவசம் இல்லாத வகையைப் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, இரண்டு மூன்றடி ஆழத்தில் புதைப்பது நல்லது. ஆறு இழை கொண்டதை வாங்கி இரண்டை மட்டும் உபயோகித்தாலும் விலை வித்தியாசம் பெரிதன்று. குழாய்க்குள் உபரியாக ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால், பின்னாளில் இன்னொரு கேபிள் இழுப்பவர் வாழ்த்துவார்.

சுவருக்குள்ளும் குழாய் சற்று அகலமாக இருக்கட்டும். மின்சாரக் கம்பியும் இதுவும் ஒரே குழாயில் செல்லலாகாது. ஒரு முழமேனும் விலகிப் போகட்டும், குறுக்கிட நேர்ந்தால் நேர்கோணத்தில் குறுக்கிடட்டும். எலி கடிக்கும் பள்ளிகளில் திறந்த கேபிள் ஓர் ஆண்டுகூட நிலைப்பதில்லை.

இனிக் கருவிகள். மேற்சொன்ன பெரிய கட்டடத்தில் 58 முனை, சிறியதில் நான்கு வகுப்பறைக்கு 12, கேமராவுக்கு 2, ஆக 14. பெரிய கட்டடத்துக்கு 48 போர்ட் கொண்ட சாதாரண ஸ்விட்ச் ஒன்றும், மின்சாரம் தரும் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றும் போதும். சிறியதற்கு மின்சாரம் தரும் 24 போர்ட் ஒன்று. எல்லாவற்றையும் மின்சாரம் தரும் வகையாகவே வாங்குவது வீண். வேறொரு கணக்கையும் பார்க்கவேண்டும். பெரிய கட்டடத்தில் ஒன்பது வைஃபை பெட்டி, தலா 20 வாட் என 180. நான்கு கேமரா, தலா 8 வாட் என 32. கூட்டினால் 212 வாட். 24 போர்ட் இருந்தும் மொத்தத்தில் 190 வாட்டுக்கு மேல் கொடுக்கமாட்டாத ஸ்விட்சுகள் உண்டு. 370 வாட் கொடுப்பனவும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒன்றாகவே தோன்றும். விலைப்பட்டியலில் இந்த வாட் கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளாத குழு, கடைசி இரண்டு அறைக்கு வைஃபை ஏன் வரவில்லை என்று பின்னர் விசாரித்துக்கொண்டிருக்கும்.

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரையைத் தொடும் அறைக்கு, தாழ்வாரத்தில் மாட்டிய ஒரே பெட்டி நான்கு அறைக்கும் போதும் என்பது நடவாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கற்சுவரைத் தாண்டுவதற்குத் தயங்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அறைக்கு ஒன்று என்பதே நேர்மையான கணக்கு. பணம் போதாவிட்டால் பெட்டியைப் பின்னர் வாங்கலாம். கேபிளை மட்டும் இன்றே கூரைவரை கொண்டுபோய் வைத்துவிடவேண்டும்.

வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பற்றி நம்மவர் மிகக் கவலைப்படுகின்றனர், அவ்வளவு வேண்டியதில்லை. 2017 டிசம்பர் 27ஆம் நாள் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்த ஆந்திர ஃபைபர் வலை, மின்கம்பங்களின்மீதே கண்ணாடி இழையைக் கட்டி ஊர் ஊராகச் சென்றது. பன்னிரண்டு பலகையிலும் ஒரே வேளையில் படம் ஓடினால் ஒன்றுக்கு ஐந்து மெகாபிட் வீதம் 60, கணினி அறைக்கு 40. நூறு மெகாபிட் இணைப்பு அநேகமாய்ப் போதும். பெரும்பாலும் முட்டுப்படுவது வாசலில் அன்று, வாசலுக்கு உள்ளே.

பழைய கருவிகளை மாற்றும் வரிசையிலும் விவேகம் வேண்டும். முதலில் 100 மெகாபிட் ஸ்விட்சுகள் போகவேண்டும். அவை இருக்கும் வரையில் எதைப் புதிதாக வாங்கியும் பயனில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக எட்டு போர்ட் சிறு பெட்டிகளைச் சங்கிலியாகத் தொடுத்திருந்தால் அவையும் கூடவே போகட்டும். பிறகு யூ.பி.எஸ்., எர்த். அதற்குப் பின் வைஃபை. கணினி கடைசி. திறப்புவிழாவில் படம் பிடிப்பதற்குக் கணினியே அழகு என்பதால் எங்கும் வரிசை மாறிப்போகிறது!

வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்கும்பொழுது இரண்டு பொருளைப் பெறாமல் பேனாவைத் திறக்கலாகாது. ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் அளவுக்கருவியால் எடுத்த சோதனைத் தாள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சிறு கருவியின் சாட்சி செல்லாது. எழுபத்திரண்டு முனைக்கு எழுபத்திரண்டு தாள். மற்றொன்று, எந்த எண் எந்த அறையில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம். அதே எண் சுவரிலும் ரேக்கிலும் ஒட்டியிருத்தல் வேண்டும். ரயில்வேயில் புதைத்த கேபிளின்மேல் அடையாளக் கல் நடுவது வழக்கம். கல் இல்லாத இடத்தில் மண்வெட்டி பேசும்.

இவற்றையெல்லாம் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று தயங்கும் தாய்மார்க்கு ஒரு வார்த்தை. மீட்டர், வாட், போர்ட், கேபிள், ஃபைபர், டெஸ்ட் ரிப்போர்ட் என்பவை இரு மொழியிலும் ஒன்றே. 'எந்த்த' என்று ஒரு சொல் தெரிந்தால் எவ்வளவு என்று கேட்டாயிற்று. 'எந்துக்கு' என்று இன்னொன்று தெரிந்தால் ஏன் என்றும் கேட்டாயிற்று. பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் வீட்டுக்கு வந்து ஆற அமரப் படிக்கலாம். பிள்ளைகள் தெலுங்கை நம்மிலும் நன்றாகவே படிக்கிறார்கள்.

நம் சங்கத்து அலமாரியில் முப்பது மீட்டர் அளவு நாடா ஒன்று இருக்கிறது. கட்டட வேலைக்கு வாங்கியது; இப்பொழுது சும்மா கிடக்கிறது. பள்ளிக் குழுவில் இருக்கும் அன்பர்கள் ஞாயிறு காலையில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். புதன்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டுகிறோம், ஏனெனில் கேட்டு வைத்திருப்பவர் ஏற்கெனவே இருவர்.